வரவழைத்த வலி

“தலைச்சனுக்குத்தான் தாயி பாடு. அடுத்தது இருமினா வந்துரும்.”

இரண்டாவது பிள்ளைக்கு நாள் நெருங்கிய எந்தப் பெண்ணும் எங்கள் கரிசல் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறியதில்லை. முதல் பிள்ளைக்கு வளைகாப்பு உண்டு. கலவைச் சோறு, கை நிறையக் கண்ணாடி வளையல், பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு வண்டி ஆட்கள். இரண்டாவதுக்கு அதெல்லாம் கிடையாது. மூத்ததை யார் பார்த்துக்கொள்வது, தீப்பெட்டி ஆபீசில் எத்தனை நாள் லீவு சொல்வது, உளுந்து பிடுங்க ஆள் கிடைக்குமா என்பதுதான் வீட்டில் ஓடும் பேச்சு. பேறு அதுபாட்டுக்கு நடந்துவிடும் என்று எல்லோரும் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா, “வலி தானா வரலை, வரவைக்கணும். நாளைக்கு வந்து அட்மிட் ஆயிருங்க” என்றால் வீடே திகைத்துப்போகிறது.

என் மதினிக்கு அப்படித்தான் ஆனது. மூத்தவன் சுகப்பிரசவம். இரண்டாவதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. 39 வாரம் முடிந்தும் வலியின் சுவடே இல்லை. வார்டில் என் அம்மா நர்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் சிஸ்டர், மூத்தவன் ராத்திரி வலி எடுத்து விடியுமுன்ன பொறந்தவன். இதுக்கு எதுக்கு மருந்து வைக்கணும்?”

“சுகர் இருக்குல்லம்மா. நாள் போகப்போகப் பிள்ளைக்குத்தான் ரிஸ்க்கு. ரெண்டாவதுதான, மருந்து சீக்கிரம் பிடிச்சிரும்.”

“சீக்கிரம்னா எப்ப?”

“அதை எப்படிம்மா சொல்ல முடியும்?”

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நர்சு சொன்ன இரண்டும் சரி. மருந்து சீக்கிரம் பிடிக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம், மூன்றாம் பேற்றில் வலி வரவைப்பதன் நிறை, குறை இரண்டும் இந்த முரணுக்குள்தான் இருக்கின்றன.

வலி வரவைக்கலாமா வேண்டாமா என்று பார்க்க உலகமெங்கும் டாக்டர்கள் போடும் மதிப்பெண் ஒன்று உண்டு. 1964இல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் வகுத்தது. கையுறை போட்ட இரண்டு விரலால் ஐந்து விஷயங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெத்தென்றா, பின்பக்கம் பார்த்திருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா, பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. மொத்தம் 13 மதிப்பெண். பழுக்காத வாய் மூக்கு நுனியைத் தொட்டால் இருப்பதுபோல் விறைப்பாக இருக்கும். பழுத்த வாய் உதட்டைத் தொடுவதுபோல. 9 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் வலி வரவைப்பது ஒருவருக்கும் தோற்கவில்லை என்று பிஷப் எழுதினார்.

அவர் இந்தக் கணக்கை யாரை வைத்துப் போட்டார் என்பது பலருக்கும் தெரியாது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களை வைத்துப் போட்டார். தலைப்பிரசவத்துக்கு இது பொருந்தும் என்று அவர் சொல்லவே இல்லை. பிற்பாடுதான் அது எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஆனது. ஆக, வலி வரவைப்பதன் அடிப்படைக் கணக்கே இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரிகள் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி அவர்களை ஏறக்குறைய மறந்துவிட்டது. 2018இல் வெளியான, அதிகம் பேசப்பட்ட அமெரிக்க ஆய்வு 6,106 பெண்களை எடுத்துக்கொண்டது. 39ஆம் வாரத்தில் வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்கு சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். இதைச் சொல்லித்தான் ‘39லேயே வலி வரவைத்தால் ஆபரேசன் குறையும்’ என்கிறார்கள். அந்த 6,106 பேரும் தலைப்பிரசவக்காரிகள். சுவீடனில் 41 வாரத்தில் வலி வரவைப்பதா, 42 வரை பொறுப்பதா என்று பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. காத்திருந்த பக்கத்தில் ஆறு சிசுக்கள் இறந்ததால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த ஆறு தாய்மாருக்கும் அது முதல் பிள்ளை. இதனால் இரண்டாவது பிள்ளைக்காரிக்கு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. தலைச்சனுக்கென்று வந்த எண்ணை அப்படியே எடுத்து அவள் தலையில் வைக்கக் கூடாது என்பதுதான் அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் நிறைந்தவர்களுக்கு, எத்தனையாவது பேறு என்று பிரிக்காமல், வலி வரவைப்பதைப் பரிந்துரைக்கிறது. நம் அரசு ஆஸ்பத்திரிகளும் அதை ஒட்டித்தான் போகின்றன.

41 வாரம் என்பது யாருடைய கணக்கில் என்பது இன்னொரு சிக்கல். இரண்டாவது கர்ப்பத்துக்கே உரிய சிக்கல் இது. மூத்தது பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, முறை திரும்ப வராமலேயே, அடுத்தது தங்கிவிடுவது சகஜம். கடைசியாகக் குளித்த தேதி என்று சொல்ல அவளிடம் ஒன்றுமே இருக்காது. வயிறு தெரிந்த பிறகு நான்காம், ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்து நாள் குறித்தால் ஒரு வாரம், பத்து நாள் முன்னே பின்னே போய்விடும். அந்தத் தேதியை நம்பி ‘நாள் தாண்டிருச்சு’ என்று வலி வரவைத்தால் வாய் பழுத்திருக்காது, பிள்ளையும் முற்றியிருக்காது. முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து, அந்தத் தேதியை அட்டையில் ஏற்றிவிட்டால் கடைசி மாதத்துப் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டாவதுதானே, மெதுவாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குத்தான் இது வினையாகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இரண்டு பேறு வரைக்கும்தான் என்பதால், இரண்டாவதற்காவது சீக்கிரம் பெயர் எழுதிவைக்க அது ஒரு தூண்டுகோலாக இருக்கிறது.

நாள் தாண்டுவது போக மற்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ரத்தக் கொதிப்பு, பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, பிள்ளை வளர்ச்சி நின்றுபோவது, துடிப்பு குறைவது, சர்க்கரை. கடைசியில் சொன்னதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. கர்ப்பிணி எல்லோருக்கும் சர்க்கரை பார்த்தே ஆகவேண்டும் என்று 2007இல் அரசாணை போட்ட மாநிலம் இது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் விடாமுயற்சி அதன் பின்னால் இருந்தது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை; 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை. ஊருக்கு இரண்டு தடவை பஸ் வந்துபோகும் இடத்தில் வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு வா என்று சொல்லமுடியாது என்பதைப் புரிந்துகொண்ட சோதனை அது. கட்டுப்பாட்டில் இருக்கிற சர்க்கரைக்காரிக்கு 39 வாரம் வரை பொறுத்து, தானாக வலி வராவிட்டால் வரவைக்கலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். மதினியின் கணக்கு அதுதான். சர்க்கரைத் தாயின் பிள்ளை பருத்து, தோள் சிக்கும் அபாயம் ஒருபக்கம். பொதுவாகவே அடுத்தடுத்த பிள்ளைகள் மூத்ததைவிடக் கொஞ்சம் கனமாகப் பிறப்பது இன்னொருபக்கம். இருமினால் வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, வரவைப்பது எப்படி? வாய் பழுத்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஓரளவு திறந்திருந்தால் டாக்டர் விரலை விட்டுப் பனிக்குடத்தின் அடிச்சவ்வைக் கர்ப்பப்பையிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பிரித்துவிடுவார். வலிக்கும், கொஞ்சம் ரத்தம் கசியும், சிலருக்கு அதோடு ஓரிரு நாளில் வலி பிடித்துவிடும். இரண்டாவது பிள்ளைக்காரிகளுக்கு வாய் இடம் கொடுப்பதால் இது எளிது.

அடுத்தது மாத்திரை. மிசோப்ரோஸ்டால், வயிற்றுப் புண்ணுக்காக 1970களில் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் கண்டுபிடித்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது, கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று எச்சரித்த அந்தக் குணமே பிரசவ அறையில் அதற்கு வாழ்வு கொடுத்தது. வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். வலி வரவைக்கத் தேவை 25. எட்டில் ஒரு பங்கு. பிளேடால் எட்டாக நறுக்கினால் ஒரு துண்டில் 15, இன்னொன்றில் 40 என்று போய்விடும். அதனால் 25 மைக்ரோவாகவே வரும் மாத்திரை இல்லாத இடத்தில் ஒரு மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, கலக்கி, 25 மில்லி மட்டும் அளந்து குடிக்கக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெள்ளையாக மாவுபோல் அடியில் தங்கும். ஒவ்வொரு தடவையும் கலக்கித்தான் ஊற்றவேண்டும். இரண்டாவது பிள்ளைக்காரிக்கு இந்த அளவு விஷயம் உயிர்விஷயம். அவள் கர்ப்பப்பை மருந்துக்குச் சட்டென்று பதில் சொல்லும். 25 போதும் என்ற இடத்தில் 50 போனால் மூச்சுவிட இடைவெளியில்லாமல் வலி அடுக்கிக்கொண்டு வரும். பத்து நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் போனால் ஆபத்து. வலிக்கும் வலிக்கும் நடுவில்தான் பிள்ளைக்கு ரத்தம் போகிறது.

மூன்றாவது வழி பலூன். சிறுநீர் வடியப் போடுகிற அதே ஃபோலி டியூப். 1967இலேயே அதைக் கர்ப்பப்பை வாயில் நுழைத்து ஊதிப் பார்த்துவிட்டார்கள். உள்ளே போனதும் 30 மில்லி, 60 மில்லி என்று சுத்தத் தண்ணீரைச் செலுத்திப் பலூனை உப்பவைத்து, வெளி முனையைத் தொடையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். அது வாயை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் தானே நழுவி விழும். மருந்து ஏதுமில்லை, வலி திடீரென்று மிஞ்சிப் போவதும் அரிது.

மாத்திரை, பலூன் இரண்டில் எது மேல் என்று இந்தியாவிலேயே ஓர் ஆய்வு நடந்தது. நாக்பூரின் இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ரத்தக் கொதிப்பு உள்ள 602 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு வாய்வழி மாத்திரை, மீதிப் பேருக்கு பலூன். 2017இல் முடிவு வந்தது. 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைப் பக்கம் 57 சதவீதம், பலூன் பக்கம் 47. அதாவது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு நாளில் காரியம் முடியவில்லை. அட்மிட் ஆன அன்றே பிள்ளை கையில் என்று நினைத்துப் போகிறவர்கள் இந்தப் பாதியை மனதில் வைத்துக்கொண்டு போகவேண்டும். இரண்டாவது பிள்ளைக்காரிக்கு நேரம் குறையும். ஆனாலும் வாய் பழுக்காவிட்டால் அவளுக்கும் ஒரு ராத்திரி, சிலசமயம் இரண்டு ராத்திரி.

இவையெல்லாம் வருவதற்கு முன்னால் எங்கள் ஆச்சிமார் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ஆமணக்கு கரிசலில் வரப்போரத்துச் செடி, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அது மூடநம்பிக்கை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2012இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் புரோஸ்டாகிளாண்டின் ஏற்பி ஒன்றைத் தட்டி எழுப்பிக் குடலையும் கர்ப்பப்பையையும் சுருங்கவைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மிசோப்ரோஸ்டால் போய்த் தட்டும் கதவுகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆச்சிகள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்க்கு அளவு தெரியாது. வயிற்றோட்டத்தில் உடம்பு வறண்டு, களைத்துப்போன நிலையில் வலி தொடங்குவது யாருக்கும் நல்லதல்ல. 25 மைக்ரோகிராமை அளக்கவே இவ்வளவு பாடுபடுகிற இடத்தில், கரண்டிக் கணக்குக்கு இனி வேலையில்லை. சீரகத் தண்ணீர் வேறு; அது சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கக் கொடுப்பது. அதனால் கெடுதலில்லை.

வாய் பழுத்த பிறகு பனிக்குடத்தை உடைத்து ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். ஆக்சிடோசின். 1906இல் லண்டனில் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சாற்றைப் பூனைக்குச் செலுத்தி அதன் கர்ப்பப்பை சுருங்குவதைப் பார்த்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். இரண்டு வருடத்தில் நோபல் பரிசு. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளை ஞாபகம் வருவதற்கு முன் மாடு ஞாபகம் வரும். பால் சுரக்க மாட்டுக்கு யாரோ போடும் ஊசி. அந்தக் கள்ளத்தனமான புழக்கத்தைச் சொல்லித்தான் 2018இல் தனியார் அதைத் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. அதே வருடக் கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மாட்டுக்காகத் தாய்மாருக்கு மருந்து கிடைக்காமல் போகக்கூடாது என்ற வாதம் வென்றது. இன்னொன்று: இந்த மருந்தைக் குளிரில் வைத்திருக்கவேண்டும். சித்திரை வெயிலில் கரண்டு போய்ப் போய் வரும் இடத்தில் குளிர்ப்பெட்டியின் நம்பகம்தான் மருந்தின் நம்பகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இதை எப்படி ஏற்றவேண்டும் என்று சொல்கிறது. அரை லிட்டரில் 2.5 யூனிட், நிமிடத்துக்குப் பத்துச் சொட்டில் தொடங்கு. அரை மணிக்கு ஒருமுறை பத்துச் சொட்டு கூட்டு. பத்து நிமிடத்துக்கு மூன்று வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் வந்தால் கூட்டுவதை நிறுத்திக்கொள். வலி பிடிக்காவிட்டால் 5 யூனிட்டுக்குப் போகலாம். அதிலும் பிடிக்காவிட்டால் தலைப்பிரசவக்காரிக்கு மட்டும் 10 யூனிட். ஏற்கெனவே பெற்றவளுக்கும், முன்பு ஆபரேசன் ஆனவளுக்கும் அது கூடாது. பலமுறை நீட்டிச் சுருங்கிய கர்ப்பப்பைச் சுவர் கிழிந்துபோகலாம் என்பதே காரணம். “ரெண்டாவதுதான, கூட ரெண்டு சொட்டு விட்டா முடிஞ்சிரும்ல” என்று வார்டில் சொந்தக்காரர்கள் நெருக்குவதை நானே கேட்டிருக்கிறேன். கையேடு நேர் எதிராகச் சொல்கிறது.

வலியைக் கூட்டச் சொல்லி நெருக்குவது நம் வழக்கத்தில் ஊறியது. 1995 வாக்கில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏழைப் பெண்களின் பிரசவங்களைக் கூட இருந்து பார்த்த செசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2003இல் ஒரு நூல் எழுதினார். அரசு ஆஸ்பத்திரிகளில் வலியைக் கூட்டும் மருந்து தாராளமாகப் போகிறது, வலியை மரக்கவைக்கும் மருந்து ஏறக்குறைய இல்லை என்று அதில் பதிவு செய்தார். பல பெண்கள் அந்த ஊசியைத் தாங்களே கேட்டு வாங்கியதும் அவரை யோசிக்கவைத்தது. வலி கூடினால் சக்தி கூடும் என்று அவர்கள் சொன்னார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பில்லை. வலி என்றால் நோவு மட்டுமல்ல, பலமும்தான். குறளில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பலமறிந்து இறங்கு என்பதுதான் அந்த அதிகாரத்தின் பொருள். வார்டுக்கும் பொருந்துகிற தலைப்பு.

மருந்தால் வந்த வலி தானாக வந்த வலியைப்போல் படிப்படியாக ஏறாது என்று அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மதினி சொன்னது: “மூத்தவனுக்கு வலி விருந்தாளி மாதிரி வந்துச்சு, இது கதவை ஒடச்சிக்கிட்டு வந்துச்சு.” முதுகில் ஊசி போட்டு மரக்கவைக்கும் வசதி நம் அரசு வார்டுகளில் அரிது. கூட இருக்கிற ஒரு பெண்துணைதான் மருந்து. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருத்தியை விடும் நடைமுறை தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பல வருடங்களாக இருக்கிறது. கேட்டு உள்ளே போகலாம், போகவேண்டும்.

மதினிக்குக் காலையில் எட்டு மணிக்கு மாத்திரை தொடங்கியது. மதியம் வரை ஒன்றுமில்லை. நாலு மணிக்கு லேசான இழுப்பு. ஆறு மணிக்குப் பார்த்தபோது நாலு சென்டிமீட்டர். எப்படியும் ராத்திரி பன்னிரண்டு ஆகும் என்று அண்ணன் டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டாவது பேற்றின் முத்திரை இது. நெடுநேரம் அசையாது, அசைந்தால் நிற்காது. தலைப்பிரசவத்தில் வாய் முதலில் மெலிந்து, பிறகு திறக்கும். அடுத்த பேறுகளில் மெலிவதும் திறப்பதும் சேர்ந்தே நடக்கும். ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம், அடுத்த பேறுகளுக்கு 10 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் மேல்வரம்பு சொன்னது. பலருக்கு அதில் கால்வாசிகூட ஆவதில்லை.

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. எட்டயபுரம் 15 கிலோமீட்டர், கழுகுமலை 20, கயத்தாறு 25. அதற்கும் உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் நனைந்துவிட்டால் வண்டிப்பாதை பசைபோல் டயரைப் பிடித்துக்கொள்ளும். 108க்குப் போன் போட்டு, அது வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு ஆகும் நேரமும், மருந்து பிடித்த இரண்டாவது பிள்ளைக்காரிக்கு ஆகும் நேரமும் சில சமயம் ஒன்றுதான். அதனால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, வலி வந்தால் வா என்பது பட்டணத்தில் சரிப்படலாம், இங்கே சரிப்படாது. படுக்கையில் இருந்தபடிதான் மருந்து. அதுவும் ஆபரேசன் தியேட்டரும் ரத்தமும் இருக்கிற இடத்தில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா நன்றாகவே பிரசவம் பார்ப்பார். ஆனால் வலி வரவைக்கும் இடம் அது இல்லை. தலை இறங்காமல் மிதந்துகொண்டிருக்கும்போது பனிக்குடத்தை உடைத்தால் தண்ணீரோடு தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடும். பல பேறு கண்ட தளர்ந்த வயிற்றில் தலை கடைசிவரை மேலேயே நிற்பது சாதாரணம். கொடி நழுவினால் நிமிடக் கணக்கில் ஆபரேசன் வேண்டும்; அங்கிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேரமிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் மூத்தது சுகப்பிரசவமாக இருந்தவர்களுக்கு. அவர்களில் வலி வரவைத்த பிறகும் ஆபரேசன் வரை போகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. மூத்தது ஆபரேசன் என்றால் எல்லாக் கணக்கும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் இது சின்னக் கூட்டமில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. இரண்டாவது பேறுக்கு வருகிற பெண்களில் பலருக்கு அடிவயிற்றில் ஏற்கெனவே தையல் இருக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை அவள் இரண்டாவது பிள்ளைக்காரிதான். கர்ப்பப்பை வாயைப் பொறுத்தவரை, தையல் போடும்போது அது முழுசாகத் திறந்திருக்கவில்லை என்றால், அவள் தலைப்பிரசவக்காரி. கர்ப்பப்பைச் சுவரைப் பொறுத்தவரை இரண்டைவிடவும் எச்சரிக்கையாக நடத்தவேண்டியவள்.

அமெரிக்காவில் 2004இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முன்பு சிசேரியன் ஆனவர்களில் தானாக வலி வந்தவர்களுக்குத் தழும்பு பிரிந்தது 0.4 சதவீதம், வலி வரவைத்தவர்களுக்கு ஒரு சதவீதம். நூற்றில் ஒருவர் என்பது சின்ன எண்தான். அந்த ஒருவருக்கு அது பிள்ளையின் உயிர், தன் கர்ப்பப்பை இரண்டையும் கேட்கும். ஆகவே தையல் உள்ளவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் அறவே கூடாது. பலூன், அளந்த ட்ரிப்ஸ், கூடவே இருந்து பார்க்கிற கண், பக்கத்திலேயே தியேட்டர், இவ்வளவும் இருந்தால்தான் முயற்சியே. இதில் தேறுகிறவர்களும் நிறையப் பேர். ஆனால் இங்கே பெரும்பாலும் முயற்சியே நடப்பதில்லை. ‘ஆபரேசனோட ஆபரேசனா குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிரலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த வாக்கியத்தை வீட்டாரும் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியும் சொல்கிறது, பெண்ணும் தலையாட்டுகிறாள். தவறென்று சொல்ல மாட்டேன். வயிற்றை இரண்டாம் முறை வெட்டுவதும், சின்னத் துளையில் குழாயைக் கட்டுவதும் ஒரே எடை இல்லை என்பதை யாராவது அவளிடம் உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

மூத்தது ஆபரேசன் என்றால் ஏன் ஆனது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்கும். பிள்ளை குறுக்கே கிடந்ததாலா, வாய் திறக்காததாலா, துடிப்பு குறைந்ததாலா? இரண்டாவதன் வழியைத் தீர்மானிப்பது அந்த ஒரு வரி. ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்துகிற வீடுகளில் அந்தக் காகிதத்தை மட்டும் பரணில் போட்டுவிடுகிறோம்.

பிள்ளை பிறந்த பிறகு வருவது ரத்தப்போக்கு. பல தடவை நீண்ட தசை, அதிலும் மணிக்கணக்காக மருந்தில் வேலை செய்த தசை, பிள்ளை வெளியே வந்ததும் சுருங்க மறுக்கும். வேகமாகப் பிறந்தாலும் அதே. அதனால்தான் பிறந்த உடனே தொடையில் பத்து யூனிட் ஆக்சிடோசின் ஊசி. அந்தத் தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. பத்து கிராம் ஹீமோகுளோபின் உள்ளவள் அரை லிட்டர் ரத்தம் போனால் தாங்குவாள். ஏழு உள்ளவள் தாங்கமாட்டாள். மூத்ததுக்குப் பால் கொடுத்து, காட்டுக்கும் போய்க்கொண்டு, இடைவெளி இல்லாமல் அடுத்ததைச் சுமந்தவளுக்கு ஏழுக்கு இறங்குவது பெரிய விஷயமில்லை. வலி வரவைக்கத் தேதி குறிக்கும்போதே ரத்த வகையையும் அளவையும் பார்த்து, தேவையானால் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்துவிடலாம். எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பிரசவத்துக்கு இருக்கிற வசதியே அதுதான்.

அன்று ராத்திரி மதினி பிள்ளையை மார்பில் போட்டதும் முகம் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பதறிப்போய் நர்சைக் கூப்பிட்டாள். நர்சு வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா. பிள்ளை பால் இழுக்கும்போது கர்ப்பப்பை சுருங்குது. மூத்ததைவிட இதுக்குக் கூடத்தான் வலிக்கும். ரெண்டு மூணு நாள்ல போயிரும்” என்றார்.

“பெத்த பொறவும் வலியா?” என்றாள் மதினி.

“அது உங்க வலிம்மா. நாங்க வரவைக்கல.”

அம்மா அதற்குள் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். மூத்தவன் சாப்பிட்டானா, அழுதானா, நாளைக்கு பஸ்ஸில் யார் கூட்டி வருவது என்று.